தூரம் ஒன்று, நேரம் இரண்டு

கேள்வி: லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 5,570 கிலோமீட்டர் என்று இணையத்தில் பார்த்தேன். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் ஆறேகால் மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். பயணச்சீட்டிலோ போவதற்கு எட்டு மணி நேரம், திரும்ப ஏழு மணி நேரம் என்றிருக்கிறது. வரைபடத்திலும் விமானம் வடக்கே வளைந்து செல்கிறது. விமான நிறுவனங்கள் நம்மைச் சுற்றி அழைத்துச் சென்று ஏமாற்றுகின்றனவா?

பதில்: ஏமாற்று என்று எழுதுவதற்கு முன், உங்கள் கணக்கைச் சரிபார்த்திருக்கலாம். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டுவதால்தான் வரைபடத்தில் அந்த வளைவு தெரிகிறது. பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது அயர்லாந்து, நியூஃபவுண்ட்லாந்து வழியாகத்தான் செல்லும். நீங்கள் சொல்லும் 5,570 கிலோமீட்டரும் அந்தக் குறுக்குவழியின் நீளமே.

கணக்கு தவறுவது வேகத்தில். 900 கிலோமீட்டர் என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றோ ஓரிடத்தில் நிற்பதில்லை. விமானங்கள் பறக்கும் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். சராசரியாக 100 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், நியூயார்க் செல்லும் விமானம் தரையைப் பொறுத்து 800 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் பறக்கும். திரும்பும் விமானத்துக்கு 1,000 கிலோமீட்டர் வேகம் கிடைப்பதால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். 2020 பிப்ரவரியில், புயலோடு வந்த பலத்த பின்காற்றில் ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடங்களில் வந்தது.

சுற்றிச் செல்வதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அட்லாண்டிக்கைக் கடக்கும் வான்தடங்களை, மேற்கு நோக்கியவற்றுக்கு பிரிட்டன்–அயர்லாந்தின் ஷான்விக் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையமும் கிழக்கு நோக்கியவற்றுக்குக் கனடாவின் காண்டர் மையமும் அன்றன்றைய காற்றைப் பார்த்து வகுக்கின்றன. எதிர்க்காற்றைத் தவிர்க்கச் சில நூறு கிலோமீட்டர் விலகிப் போகும் விமானம், நேர்வழியில் போவதைவிட முன்னதாகவே சேர்ந்துவிடும். இதில் பயணிக்கு இழப்பு எதுவும் இல்லை.

பயணச்சீட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. புறப்படும் வாயிலை விட்டு நகர்வது முதல் சேருமிடத்து வாயிலில் நிற்பது வரையிலான மொத்தம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடங்கும்.

தூரத்தை வேகத்தால் வகுத்துப் பயண நேரம் என்று காட்டும் இணையதளங்களை நம்பி இணைப்பு விமானத்துக்குத் திட்டமிடாதீர்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபோது, ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரமாயிற்று. அந்தத் தளங்கள் காட்டும் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. நீங்கள் செல்லும் திசைக்கும் மாதத்துக்கும் உரிய விமான அட்டவணையைப் பாருங்கள். அதில் அந்தந்த ஊரின் நேரமே இருக்கும். நியூயார்க் நேரம் லண்டன் நேரத்தைவிட வழக்கமாக ஐந்து மணி நேரம் பின்தங்கியிருப்பதால், லண்டனில் காலை 9 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் நண்பகல் 12 மணிக்குச் சேர்வது எட்டு மணி நேரப் பயணம்.