கதவை முதலில் அகற்றுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான பழைய மினியேச்சர்கள், அதாவது சிறு உருவங்களும் வாகனங்களும், என்னிடம் பெட்டி நிறைய இருக்கின்றன. இப்போது அவற்றை வெட்டி ஒட்டி விண்கலங்களாகவும் வேற்றுக்கிரக வாகனங்களாகவும் மாற்றி வருகிறேன். மிதந்து செல்லும் டாங்கி ஒன்றின் பீரங்கிக் கோபுரத்தை நீக்கி, பின்னால் இயந்திரக் குழாய்களை வைத்து, கிடைத்த உதிரிகளையெல்லாம் ஒட்டிப் பார்த்தேன். பார்ப்பவர்கள் எல்லோரும் “கோபுரம் இல்லாத டாங்கி” என்றுதான் சொல்கிறார்கள். இன்னும் என்ன சேர்க்க வேண்டும்? சிற்பியின் வேலையில் கத்தி வைப்பதே அவமரியாதை என்கிறார் நண்பர் ஒருவர். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சேர்ப்பதை நிறுத்துங்கள். உங்கள் டாங்கியில் எங்கோ ஒரு கதவு இன்னும் இருக்கிறது. அதுதான் உங்களைக் காட்டிக்கொடுக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 மில்லிமீட்டர் மனித உருவங்களோடு களத்தில் நிற்கும் வாகனங்கள் ஏறத்தாழ 1:56 விகிதத்தில், அதாவது நிஜ அளவில் 56-இல் ஒரு பங்காக, அமைந்தவை. 12 சென்டிமீட்டர் நீளமுள்ள டாங்கி என்றால் நிஜத்தில் 6.7 மீட்டர். அதையே 1:3000 விகிதத்தில் ஒரு கப்பல் என்று வைத்துக்கொண்டால் நீளம் 360 மீட்டர். இதுவரை சரி. ஆனால் பக்கவாட்டில் ஓர் ஆள் நுழையும் கதவு மூன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கிறதே, புதிய விகிதத்தில் அதன் உயரம் 105 மீட்டர்! பார்ப்பவர் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஆனால் கதவைக் கண்டதும் அதில் நுழையும் ஆளை மனம் கற்பனை செய்துவிடுகிறது. அந்த ஆள் வந்து நின்றதும் கப்பல் சுருங்கி வண்டியாகிவிடுகிறது.

மேல்மூடி, கைப்பிடி, ஏணிப்படி, முகப்பு விளக்கு, தடித்த ரிவெட் தலைகள் என மனிதனின் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் என்று செய்யப்பட்ட எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. மெல்லியவற்றைக் கத்தியால் சீவி உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். பெரிய கதவின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி, விளிம்பை எபாக்சி மக்கால் (பிசைந்து அப்பினால் இறுகிவிடும் பூச்சு) நிரப்பி மறைக்கலாம். அதன் பிறகே ஜன்னல்கள். அரை மில்லிமீட்டர் துளை 1:3000 விகிதத்தில் ஒன்றரை மீட்டர்; ஒரு கப்பல் ஜன்னலுக்கு அது பொருத்தமான அளவு. உடல் முழுவதும் சீராகத் துளைத்துவிடாதீர்கள். ஓர் இடத்தில் நெருக்கமாக ஏழெட்டு, தள்ளி இரண்டு, பிறகு நீண்ட வெறுமை. ஆட்கள் வசிக்கும் பகுதியும் சரக்கும் எரிபொருளும் நிறைந்த பகுதியும் தாமாகவே பிரிந்து தெரியும்.

உதிரிகளை ஒட்டுவது தவறு என்று நான் சொல்லவில்லை. 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் தொடக்கத்தில் முடிவே இல்லாமல் தலைக்கு மேல் நகர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கப்பலின் மாதிரி, ஒரு மீட்டர் நீளம்கூட இல்லாதது. கடையில் கிடைத்த டாங்கி, விமான மாடல் பெட்டிகளின் பாகங்களைத்தான் அந்தப் படத்தின் கலைஞர்கள் தங்கள் கலங்களின் மேல் ஒட்டினார்கள். அங்கே எந்தப் பாகமும் தன் பழைய தொழிலைச் சொல்வதில்லை, ஏனென்றால் அது தலைகீழாகவோ பாதியாகவோ இருக்கிறது. அதோடு, நெருக்கமான உதிரிகளுக்கு நடுவே வழவழப்பான பரப்புகளை அவர்கள் விட்டுவைத்தார்கள். கண்ணுக்கு இளைப்பாற இடம் இருந்தால்தான் நுணுக்கம் நுணுக்கமாகத் தெரியும். எல்லா இடத்திலும் ஒட்டினால் குப்பைக் குவியல்தான்.

இன்னொன்று: மினியேச்சரை அதன் இயல்பான நிலையிலிருந்து திருப்புங்கள். டாங்கியைக் கவிழ்த்தால் அடிவயிறு கப்பலின் மேல்தளமாகிறது. செங்குத்தாக நிறுத்தினால் ஒரு விண்நிலையத்தின் தூண் கிடைக்கிறது. கத்தியை எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஆறு பக்கமும் திருப்பிப் பார்ப்பதை நான் ஒரு விதியாகவே பரிந்துரைப்பேன்.

வேற்றுக்கிரக வாகனம் என்றால் சிக்கல் நேர் எதிரானது. அங்கே அளவு தெரிய வேண்டும், மனிதன் தெரியக் கூடாது. ஐந்து சென்டிமீட்டர் விண்கல மினியேச்சர் ஒன்றை 6 மில்லிமீட்டர் உருவங்களோடு, அதாவது சுமார் 1:300 விகிதத்தில், தரையில் நிறுத்தினால் அது 15 மீட்டர் நீள ஊர்தியாகிவிடும். ஓட்டுநர் அறை போலத் தெரியும் முகப்புக் கண்ணாடியை மூடிவிடுங்கள். எது முன், எது பின் என்று குழம்பும்படி ஆனாலும் பரவாயில்லை. ஆனால் ஏறி இறங்க ஒரு வழி இருக்கட்டும். சதுரமாக இல்லாமல், தாழ்வாக, அகலமாக, நம் உடம்புக்குப் பொருந்தாத ஒரு வாய். அந்த வாயைப் பார்த்துத்தான் உள்ளே இருப்பவரின் உடலமைப்பை நாம் ஊகிக்கிறோம். பூச்சி உருவங்கள் இருந்தால் இன்னும் நல்லது. கால்களை நீக்கிவிட்டு முதுகின் மேலோட்டை மட்டும் வைத்துக்கொண்டால், வளர்த்தெடுக்கப்பட்ட ஊர்தி போலவே இருக்கும்.

வண்ணத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. விளிம்புகளில் பளிச்சென்று வெளிர்கோடு இழுக்கும் பழக்கம் சிறு உருவங்களுக்கு அழகு, பெருங்கப்பலுக்குக் கேடு. கோடு தடித்தால் கப்பல் பொம்மையாகிவிடும். முழுவதும் ஒரே அடர்நிற அடிப்பூச்சு (பிரைமர்) பூசி, ஏறத்தாழ காய்ந்த தூரிகையால் மெல்லத் தடவி, தகடுகளுக்கிடையே மிகச் சிறிய நிற வேறுபாடு மட்டும் காட்டுங்கள்.

பிளாஸ்டிக் பசை பாலிஸ்டைரீனை உருக்கி இணைப்பது. ரெசின் என்ற வார்ப்புப் பிசினிலும் உலோகத்திலும் அது பிடிக்காது. அங்கே சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் பசைதான். ரெசினைத் தேய்க்கும்போது நீரில் நனைத்து, முகக்கவசம் அணிந்து தேய்க்க வேண்டும். பழைய உலோக மினியேச்சர்கள் பலவற்றில் ஈயம் உண்டு. அவற்றை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தொட்ட கையை நன்றாகக் கழுவுங்கள்.

உங்கள் நண்பரின் கவலையை நான் மதிக்கிறேன், பாதியளவு ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன். வார்ப்பு நின்றுபோன பழைய உலோக உருவங்கள் அரிதானவை. அவற்றை விட்டுவிடுங்கள், தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எஃகு அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும் பிளாஸ்டிக்கின் ஒரு பிரதியை வெட்டுவதால் சிற்பத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. வெட்டும் இடம் தேடி ஒரு வளைவைப் பின்தொடரும்போது, சிற்பி அதை எங்கே தொடங்கி எங்கே முடித்தார் என்பது வண்ணம் பூசிய காலத்தில் தெரியாத அளவுக்குத் தெரியும். இதை மரியாதை என்றே நான் சொல்வேன்.

ஆட்டத்துக்குக் கொண்டுபோகவும் தயங்க வேண்டாம். ஃபுல் த்ரஸ்ட் போன்ற விண்கலப் போர் விளையாட்டு விதிமுறைகள் எந்த நிறுவனத்தின் மாதிரியையும் ஏற்கின்றன. பல விண்கல விளையாட்டுகளில் தூரத்தை அளப்பது கப்பலைத் தாங்கி நிற்கும் பீடத்தின் தண்டிலிருந்துதான். அதனால் கப்பலின் வடிவம் யாருக்கும் அநியாயமான சலுகை தராது. நிறுவனங்கள் நடத்தும் போட்டிகளில் விதி வேறாக இருக்கலாம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில், எது போர்க்கப்பல், எது துணைக்கப்பல் என்று தொடங்கும் முன் எதிராளிக்குச் சொல்லிவிட்டால் போதும். அந்த மிதவை டாங்கியின் கதவை அடைத்த பிறகு ஒரு படம் அனுப்புங்கள்.