"தானா" சேர்ந்தாங்களா?

கேள்வி: கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட கிழக்கு ஜெர்மனில எண்பதுகள்ல பத்துக்கு எட்டு இளைஞர்கள் அரசாங்கத்தோட எஃப்டிஜேங்கற இளைஞர் அமைப்புல மெம்பர். சேர்ந்தே ஆகணும்னு சட்டம்கூட இல்ல. தானா வந்து சேர்ந்தாங்கன்னா, ஜனங்களுக்கு அது பிடிச்சிருந்துச்சுன்னுதானே சார் அர்த்தம்?

பதில்: மத்ததை விடுங்க, அந்த "தானா"வை மட்டும் பிடிச்சுக்கறேன். தானா, ஒருமனதா, தன்னார்வமா, இந்த மூணு வார்த்தையோடயும் எனக்கு ரொம்ப வருஷத்துப் பகை. ஒரே கட்சி ஆளற நாட்டுல இந்த வார்த்தைங்க வந்தா நான் நம்பறதே இல்ல, இந்தப் பக்கத்துலயே எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கேன், இன்னும் போடுவேன். தானா கனியாததைத் தடியால அடிச்சா கனியுமான்னு நம்ம பெரியவங்க சும்மா கேக்கல.

சட்டம் இல்லைங்கறது சரி. 1946ல ஆரம்பிச்சப்பவே பேர்ல "சுதந்திர" இருக்கு, சுதந்திர ஜெர்மன் இளைஞர். ஆனா ஸ்கூல்ல சேர்ந்த முதல் வருஷமே ஆறு வயசுப் பிள்ளை கழுத்துல, பயனியர்ங்கற சின்னப் பிள்ளைங்க அமைப்போட துணியைக் கட்டிடறாங்க, பதினாலு வயசானா எஃப்டிஜேவோட நீலச் சட்டை, அந்தச் சட்டைக் கைல உதிக்கிற சூரியன் பேட்ஜ். கிளாஸே சேருது, உங்க பிள்ளை மட்டும் மாட்டேங்குது. யாரும் அடிக்க மாட்டாங்க. காலேஜ் போறதுக்கு வேண்டிய அபிடூர் படிப்புல பெரும்பாலும் இடம் கிடைக்காது, அவ்ளோதான். நல்ல மார்க் இருந்தும் எத்தனையோ பாதிரியார் வீட்டுப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் கதவைச் சாத்தினாங்க. 1953ல சர்ச் இளைஞர் குழுவை விடமாட்டேன்ன பசங்களை ஸ்கூலை விட்டே துரத்தினாங்க. பெத்தவங்க என்ன பண்ணுவாங்க? வீட்ல பேசறதை ஸ்கூல்ல பேசாதேன்னு அந்த வயசுலயே சொல்லித் தரணும். எனக்கு வயிறு எரியறது இங்கதான். பொய் சொல்லாதேன்னு சொல்லி வளர்க்க வேண்டிய அம்மா அப்பாவையே பொய்க்கு வாத்தியாரா ஆக்கிட்டாங்களே.

ஆன்டெனா கதை தெரியுமா உங்களுக்கு? 1961 செப்டம்பர், பெர்லின் சுவர் எழும்பி ஒரு மாசம்கூட ஆகல. எஃப்டிஜே பசங்களை ஊர் ஊரா வீட்டுக் கூரை மேல ஏத்திவிட்டாங்க, மேற்கு ஜெர்மனி டிவி பக்கம் பார்த்திருந்த ஆன்டெனாவையெல்லாம் திருப்பிவைக்க. அந்த வேலைக்கு ஆக்ஸன்கோப்னு பேரு, அது மேற்கு ஜெர்மனில டிரான்ஸ்மிட்டர் இருந்த மலை. நேத்து வரைக்கும் பக்கத்து வீட்டுப் பையன், இன்னைக்கு உங்க வீட்டு ஓட்டு மேல நடக்கறான். அந்த ஓட்டுச் சத்தத்தைக் கீழ உக்காந்து கேட்டவங்க நீலச் சட்டையைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க? ஜனங்க ஆன்டெனாவைக் கூரைக்கு உள்ள மாத்திக்கிட்டாங்க. எஃப்டிஜேவோட முதல் தலைவரா இருந்து, அப்புறம் நாட்டையே ஆண்ட ஹொனெக்கரே 1973ல, மேற்கு டிவியை அவங்கவங்க இஷ்டத்துக்குப் போடலாம் அணைக்கலாம்னு சொல்ல வேண்டியதா போச்சு.

எல்லாரும் வெறுத்தாங்கன்னும் சொல்லிட முடியாது. டென்ட், கேம்ப், சிநேகிதங்க, டிஸ்கோ எல்லாம் அவங்க கைலதான் இருந்துச்சு, பசங்க அதுக்குப் போனாங்க, மனசார நம்பினவங்களும் இருந்தாங்க. 1988 ஜூலைல அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனைக் கூட்டிட்டு வந்ததே எஃப்டிஜேதான். ஒரு லட்சத்துக்கு மேல கூட்டம். அவர் மேடைல ஜெர்மன் மொழில, ஒருநாள் எல்லாத் தடையும் உடையணும்ங்கற நம்பிக்கைல பாட வந்தேன்னு சொன்னார், கூட்டம் கத்துன கத்தல் இருக்கே!

பசங்க மனசுல என்ன இருக்குன்னு அரசாங்கத்துக்குத் தெரியாதான்னா, நல்லாவே தெரியும். லைப்சிக்ல இளைஞர் ஆராய்ச்சி நிலையம் வச்சு அவங்களே பேர் கேக்காம சர்வே எடுத்தாங்க. 1985ல தொழில் பழகற பசங்கள்ல பாதிப்பேர் நாட்டோட நெருக்கமா உணர்றேன்னாங்க, 1988 அக்டோபர்ல அஞ்சுல ஒருத்தர்கூட இல்ல. அந்தக் கணக்கை வெளில விடாம பூட்டி வச்சிட்டு, மெம்பர் கணக்கை மட்டும் ஊருக்குக் காட்டினாங்க. அந்த மெம்பர் கணக்கைத்தான் நீங்களும் நம்பி எழுதியிருக்கீங்க.

கடைசியா 1989 அக்டோபர் 6, நாட்டோட நாப்பதாவது பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி. பெர்லின்ல தீப்பந்தம் பிடிச்சு ஊர்வலம். வந்தவங்க வழிப்போக்கர்கள் இல்ல, எஃப்டிஜே பொறுக்கி எடுத்துக் கூட்டிட்டு வந்த நீலச் சட்டைக்காரங்க. மேடைல ஹொனெக்கர், பக்கத்துல சீர்திருத்தம் பேசின சோவியத் தலைவர் கோர்பசேவ். அந்தப் பசங்க கோர்பசேவைப் பார்த்து, "கோர்பி, காப்பாத்துங்க"ன்னு கத்தறாங்க. போலந்து கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ராகோவ்ஸ்கி அதை கோர்பசேவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிட்டு, இவங்க கட்சியோட சொந்த ஆளுங்க, இனி இது முடிஞ்சதுன்னாராம். அன்னைக்கு வந்த சத்தம்தான் சார், தானா வந்தது.