லினக்ஸுக்கு மாறினால் வைரஸ் பயமே இல்லையா?

அப்பாவின் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது, லினக்ஸ் போட்டாலோ மேக் வாங்கினாலோ வைரஸ் தொல்லை அடியோடு தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸ் போடுங்கள், நல்ல முடிவு. ஆனால் 'அடியோடு தீரும்' என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

நானும் அந்த நம்பிக்கையில் மாறியவன்தான். கல்லூரி நாட்களில் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துத் திரும்பினால் பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறியிருக்கும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டதும் அது நின்றது. அந்த வைரஸ் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது, இங்கே ஓடாது, அவ்வளவுதான். நானோ லினக்ஸை எதுவும் தொடாது என்று புரிந்துகொண்டேன்.

2016 பிப்ரவரி 20 அன்று அதே மின்ட்டின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பை மாற்றி, வெளியாள் ரகசியமாக நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ கோப்பை (மின்ட்டை நிறுவப் பயன்படும் கோப்பு) இறக்கும்படி செய்தார்கள். பாதுகாப்புக்காகவே மின்ட்டைத் தேடிப் போனவர்கள், அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே அதை இறக்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் என் நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அடுத்த மாதமே மேக்கில் கீரேஞ்சர் வந்தது. டிரான்ஸ்மிஷன் என்ற டாரன்ட் செயலியின் 2.90 பதிப்போடு ஒட்டிக்கொண்டு வந்த ரான்சம்வேர் அது. ஆப்பிள் வழங்கிய செல்லுபடியான டெவலப்பர் சான்றிதழோடு வந்ததால் மேக் அதைத் தடுக்கவில்லை. மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு, பிறகு கோப்புகளைப் பூட்டி ஒரு பிட்காயின் கேட்டது.

'லினக்ஸில் ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு) பாஸ்வேர்டு இல்லாமல் எதுவும் செய்ய முடியாதே' என்பார்கள். சிஸ்டம் கோப்புகளைப் பொறுத்தவரை சரி. ஆனால் அப்பாவின் புகைப்படங்களும் பத்திர ஸ்கேன்களும் அவருடைய கணக்கில்தான் இருக்கின்றன. அவர் திறக்கும் நிரல் அவற்றை அழிக்க ரூட் எதற்கு? சிஸ்டத்தைத் திரும்பப் போட அரை மணி நேரம் போதும், படங்கள் போனால் போனதுதான்.

அப்புறம், விண்டோஸ் என்றாலே ஓட்டை என்பதும் நியாயமில்லை. 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் மார்ச் 14-ஆம் தேதியே பேட்ச் வெளியிட்டிருந்தது. அதைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் அப்பாவின் லேப்டாப்பை லினக்ஸுக்கு மாற்றச் சொல்வதற்கு எனக்கு முதல் காரணம் அதுதான்.

மின்ட் போட்டபின் செயலிகளை அதன் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து மட்டும் நிறுவுங்கள். டெர்மினலில் (கட்டளைகளை எழுதி இயக்கும் திரை) இதை ஒட்டுங்கள் என்று ஏதாவது வலைப்பக்கம் சொன்னால் உங்களைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். ரவுட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற தீய நிரல் பிடித்தவை பெரும்பாலும் லினக்ஸ் ஓடும் கேமராக்கள், ரவுட்டர்கள் போன்றவைதான். கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததே அதற்குப் போதுமாக இருந்தது.

படங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள். எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், செருகியே கிடந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.