பெரட்டில் கூப்பிடாத பேர்

கேள்வி: என் இரட்டைப் பையன்களுக்கு 19 வயது, அச்சு அசலாக ஒரே முகம். சின்னவனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் புண்ணாகி இரத்தம் போகும் நோய்) என்று மெசலசின் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதமாக இரத்தம் போகவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டான். பெரியவனுக்கு ஒன்றுமில்லை. ஒருவனுக்கு மட்டும் ஏன்? வயிற்றில் இருந்தபோது நான் செம்பனையில் புல்லுக்கு மருந்து அடித்ததாலா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, முதலில் மாத்திரை. இரத்தம் நின்றதே அந்த மாத்திரையால்தான். விட்டால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லுங்கள்.

மருந்து அடித்ததுதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். இந்த நோயில் ஒரே கருவில் உருவான இரட்டையர் 10 ஜோடியில் ஒன்றிரண்டில்தான் இருவருக்கும் வருகிறது. மரபணு மட்டுமே காரணமென்றால் அப்படி இருக்காது.

தோட்டத்தில் காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக்குப் போயிருப்பீர்கள். செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் பேர் இருந்தாலும், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) கூப்பிட்டால்தானே அன்று வேலை? மரபணுவும் அப்படித்தான். இருவர் செக்ரோலும் ஒன்று. ஆனால் மீத்தைல் என்ற சின்ன ஒட்டு ஒரு பேர்மேல் விழுந்தால் உடம்பு அதைப் பெரும்பாலும் கூப்பிடுவதில்லை. எழுத்து மாறாமல் வாசிப்பு மட்டும் மாறுகிறது. குடலில் உடம்பின் எதிர்ப்புப் படை போடும் சண்டையை அடக்கும் டி அணுக்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) இருக்கின்றன. அவற்றுக்கு ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு ஒட்டில்லாமல் திறந்திருக்க வேண்டும். அது மூடினால் அடக்க ஆளில்லை. குடல் தன் சொந்தக் கிருமிகளோடேயே மல்லுக்கு நிற்கும். குடல் கிருமிகள், சாப்பாடு, வயது எல்லாமே இந்த ஒட்டுகளை மாற்றும். இரட்டையரானாலும் வளர வளர அவை வேறுபடும்.

எல்லா ஒட்டும் நோய்க்குக் காரணமல்ல, சில நோயால் வந்தவை. இதற்கு நெருங்கிய இன்னொரு குடல் அழற்சியான குரோன்ஸ் நோயுள்ள பிள்ளைகளின் இரத்தத்தில், சிகிச்சையில் அழற்சி அடங்கியதும் பல ஒட்டுகள் பழைய நிலைக்கே திரும்பியிருக்கின்றன. எனக்கு இது பெரிய நம்பிக்கை. மாத்திரையை விடாதீர்கள் என்று நான் கெஞ்சுவதும் இதனால்தான்.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் எடுத்த கணக்கில் மலாய்க்காரரையும் சீனரையும்விட நம் இந்தியருக்கே இந்த நோய் அதிகம். ஆகவே இரத்தம் போனால் மூலம் என்று நாட்டு மருந்தோடு காலம் கடத்தக் கூடாது. பெரியவனுக்கு இப்போது சோதனை வேண்டாம். இரத்தமோ, வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கோ வந்தால் மட்டும் கூட்டிப் போங்கள்.

சின்னவன் இரத்தத்தோடு ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ போய், காய்ச்சலும் இருந்தால் அன்றே எமர்ஜென்சிக்கு. டாக்டரைப் பார்க்கும்போது மிச்ச மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். எத்தனை நாள் விட்டான் என்று எண்ணிவிடலாம்.