நாளுக்கு நாலு அலகு: கரண்ட் பில்லும் கிணற்று மோட்டரும்

கேள்வி: நான் இளைப்பாறிய ஆசிரியை. கொக்குவிலில் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். எங்கள் கரண்ட் பில் ஒரு மாதம் 3,000 ரூபாவோடு நிற்கிறது, அடுத்த மாதம் 4,000 ஐத் தொடுகிறது. பாவிப்பில் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. கிணற்றில் இருந்து ஒரு குதிரைவலு மோட்டரால் 1,000 லீற்றர் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். பழைய பிரிட்ஜை மாற்றவேண்டும் என்கிறான் மகன். கனடாவில் இருக்கும் மகளின் கணவரோ 5 இலட்சம் அனுப்புகிறேன், சோலர் போடுங்கோ என்கிறார். வீதியால் தண்ணீர்க் குழாயும் போகிறது, இணைப்பு எடுக்கலாம் என்கிறார்கள். எதில் முதலில் காசு போடுவது? இரண்டு மாதப் பில்லையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அம்மா, இப்போதைக்கு எதிலும் காசு போடாதீர்கள். பில்கள் இரண்டையும் பார்த்தேன். இரண்டும் 30 நாள் பில்கள். ஒன்றில் 117 அலகு, மற்றதில் 128. வித்தியாசம் வெறும் 11 அலகு. அந்த 11 அலகுக்குத்தான் 900 ரூபா கூடக் கட்டியிருக்கிறீர்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். 2025 யூன் மாதம் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். மாதம் 60 அலகைத் தாண்டிய வீட்டுக்கு முதல் 60 அலகும் 12 ரூபா 75 சதம். 61 இல் இருந்து 90 வரை 18 ரூபா 50 சதம். 91 இல் இருந்து 120 வரை 24 ரூபா. அதற்கு மேல் 180 வரை 41 ரூபா, 180 ஐயும் தாண்டினால் 61 ரூபா. இது எல்லாருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். பலர் கவனிக்காமல் விடுவது நிலையான கட்டணத்தை. அதுவும் படிப்படியாக ஏறுகிறது: 61 இல் இருந்து 90 வரை 400 ரூபா, 120 வரை 1,000, 180 வரை 1,500, அதற்கு மேல் 2,100. நீங்கள் 121 ஆவது அலகைத் தொட்ட கணமே அந்த ஓர் அலகுக்கு 41 ரூபாவும், நிலையான கட்டணத்தில் இன்னுமொரு 500 ரூபாவும் ஏறிவிடுகின்றன. 120 அலகில் 3,040 ரூபாவாக இருந்த பில் 121 இல் 3,581. இதன்மேல் வரி கொஞ்சம் சேரும்.

ஆகவே உங்கள் பில்லில் எல்லா அலகும் ஒரே பெறுமதி உடையவை அல்ல. 128 இல் இருந்து 118 க்கு இறங்கினால் 876 ரூபா மிச்சம். அதே அளவு பாடுபட்டு 118 இல் இருந்து 108 க்கு இறங்கினால் கிடைப்பது 240 ரூபா மட்டும். சிக்கனம் என்று சொல்லிக்கொண்டு வீடு முழுக்க விளக்கணைத்துத் திரிபவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் காட்டுவதில்லை. (உங்கள் அயலில் தனியே இருக்கும் வயோதிபர் யாராவது 60 அலகுக்கு அண்மையில் பாவிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். 60 ஐத் தாண்டாத வீட்டுக்குத் தனியான குறைந்த விலை, ஆகவே 60 இல் நின்றால் அவர்களுக்கு 585 ரூபா. 61 ஆனால் 1,183 ரூபா 50 சதம். ஓர் அலகு கூடியதும் பில் இரட்டிக்கிறது.)

இந்த எல்லைகள் 30 நாளுக்கு உரியவை. மானி வாசிப்பவர் மூன்று நாள் பிந்தி வந்தால் எல்லையும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். அதனால் மாதக் கணக்கை விட்டு நாள் கணக்கில் பாருங்கள்: 120 அலகு என்றால் நாளுக்கு நாலு. வாரத்துக்கு 28. ஞாயிறு காலையில் மானியின் எண்ணைக் கலண்டரில் எழுதச் சொல்லி பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். வாரக் கணக்கு 28 ஐத் தாண்டினால் மாதம் முடியும்வரை காத்திருக்காமல் அடுத்த வாரத்திலேயே இழுத்துப் பிடிக்கலாம். கட்டணம் அடிக்கடி மாறும். 2022 ஓகஸ்டில் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடியும் ஏறியது, 2024 இல் இரண்டு தரம் இறங்கியது, 2025 தையில் இறங்கி யூனில் 15 வீதம் ஏறியது. ரூபாக் கணக்கைப் புதிய பில்லைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். நாளுக்கு நாலு என்ற கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பத்து அலகை எங்கே பிடிப்பது?

கொழும்பில் இருப்பவருக்குத் தண்ணீர் பில் தனியாக வரும், கரண்ட் பில் தனியாக வரும். ஆறில்லாத நம் ஊரில் கிணற்றை நம்பி இருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் பில் என்று ஒன்று கிடையாது; அது கரண்ட் பில்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஓர் அலகு போகும். நாளில் இருபது நிமிடம் குறைத்து ஓட்டினால் மாதம் பத்து மணி நேரம், பத்து அலகு. நீங்கள் தேடும் 876 ரூபா இந்த இருபது நிமிடத்தில் இருக்கிறது.

ஒருநாள் காலையில் தாங்கி வெறுமையாகும் நேரம் பார்த்து இதைச் செய்யுங்கள். வீட்டில் மற்றதெல்லாவற்றையும் அணைத்து, பிரிட்ஜின் பிளக்கையும் கழற்றிவிட்டு, மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு மோட்டரைப் போடுங்கள். தாங்கி நிரம்பி வழியத் தொடங்கும்போது நேரத்தையும் மானியையும் மறுபடி பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒரு குதிரைவலு மோட்டர் ஆழமில்லாத கிணற்றில் இருந்து 1,000 லீற்றரை அரை மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். முக்கால் மணி நேரம் எடுக்கிறது என்றால் பிழை மோட்டரில் இருக்கிறது, இல்லாவிட்டால் கிணற்றுக்குள் இறங்கும் குழாயில் இருக்கிறது. அனேகமாக அடியில் இருக்கும் ஃபுட் வால்வில், அதாவது குழாய்த் தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்குள் இறங்காமல் பிடிக்கும் வால்வில், பாசியும் சல்லியும் அடைத்திருக்கும், அல்லது அது ஒழுகும். ஒவ்வொரு முறையும் வாளியால் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டரை இழுக்க வைக்கிறீர்கள் என்றால் வேறு சோதனையே தேவையில்லை, ஃபுட் வால்வு போய்விட்டது. அதை மாற்றுவதற்குப் புது மோட்டர் விலையில் ஒரு துண்டுதான் செலவாகும். மோட்டர் கடைக்காரர் முதலில் மோட்டரைத்தான் காட்டுவார், அதைச் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது, நிரம்பியபின் வழிகிற தண்ணீர். மோட்டரைப் போட்டுவிட்டு குசினிக்குள் போய், தாங்கி வழிந்து கூரைத் தகட்டில் சலசலக்கும்போது ஓடிவருவது எத்தனை வீட்டில் நடக்கிறது! தாங்கிக்குள் தொங்கவிடும் மிதவைச் சுவிட்ச் ஒன்றைப் பூட்டினால் நிரம்பியதும் மோட்டர் தானாக நிற்கும். நான் காசு செலவழிக்கச் சொல்லும் முதல் சாமான் இதுதான்.

கழிவறைத் தாங்கியையும் பாருங்கள். அதற்குள் கேசரிக் கலர் கொஞ்சம் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் யாரும் தண்ணீர் இழுக்காமல் விடுங்கள். கோப்பைக்குள் மஞ்சள் இறங்கியிருந்தால் உள்ளே வொஷர் ஒழுகுகிறது. இந்த ஒழுக்குக்குச் சத்தம் இருக்காது, இரவு பகலாகத் தாங்கியைக் குடித்துக்கொண்டிருக்கும். நாளுக்கு இரண்டு முறை தாங்கி நிரப்ப வேண்டி வருகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஐந்து பேருக்கு, குளியல், உடுப்பு, சமையல் எல்லாம் சேர்த்து ஒரு தாங்கி காணும். வாழைக்கும் பூக்கன்றுக்கும் தாங்கித் தண்ணீரைக் குழாய் பிடித்து விடாதீர்கள். அந்தக் காலத்தில் கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழைக்கும் தேசிக்கும் போனது. குளியலறைத் தண்ணீரையும் உடுப்பு அலசிய தண்ணீரையும் அப்படித் திருப்பிவிடப் பத்தடிக் குழாய் போதும்.

இரவில் மோட்டர் போட்டால் கரண்ட் மலிவு என்று ஒரு கதை ஊரில் உலவுகிறது. சாதாரண வீட்டு மானிக்கு எந்த நேரமும் ஒரே விலைதான். நேரத்துக்கு ஒரு விலை என்ற இணைப்பைக் கேட்டு எடுத்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். நித்திரை முழித்து மோட்டர் போட வேண்டாம்.

கிணற்றைப் பற்றி இன்னொன்று. யாழ்ப்பாணத்தின் நல்ல தண்ணீர், சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீருக்கு மேலே மிதக்கிற ஒரு படை. மாரி மழையில் ஊறுவதை விட அதிகமாகக் கோடையில் இறைத்தால் அடியில் இருக்கும் உவர் மேலே வரும். கிணறு ஒருமுறை உவர்த்தால், அதுவரை சும்மா கிடைத்த தண்ணீருக்குக் காலமெல்லாம் காசு கொடுக்க வேண்டும். உங்கள் சொத்துக் கணக்கில் வீட்டையும் வளவையும் எழுதும்போது கிணற்றையும் ஒரு முதலாக எழுதுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 லீற்றர், உங்கள் தாங்கி நிரம்புகிற அளவு. ஐப்பசி, கார்த்திகையில் அது வீதிக்கு ஓடாமல், பீலி போட்டு வளவுக்குள் ஒரு கிடங்கில் இறங்கவிடுங்கள்.

பிரிட்ஜுக்கு வருவோம். பழைய பிரிட்ஜ் மாதம் 25 அலகு கூடத் தின்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மோட்டரைச் சரிப்படுத்தி 118 க்கு வந்தபின் பிரிட்ஜையும் மாற்றினால் 93 க்கு இறங்குவீர்கள். மிச்சம் மாதம் 600 ரூபா. ஒன்றரை இலட்சம் கொடுத்து வாங்கினால் அந்தக் காசு திரும்பி வர இருபது வருடத்துக்கு மேல் செல்லும். அதற்குள் புது பிரிட்ஜும் பழசாகிவிடும். கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக வழுக்கி வந்தால் ரப்பரை மட்டும் மாற்றுங்கள். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அது பழுதாகும் நாளில் இன்வேர்ட்டர் பிரிட்ஜ் வாங்கலாம், அதுவரை மகன் பொறுக்கட்டும்.

ஃபான் கொஞ்சம் வேறு கதை. பழைய கூரை ஃபான் 75 வாற் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 18 அலகு. புதிய வகை, மோட்டரில் காந்தம் வைத்து வருகிறவை, 30 வாற் அளவில் ஓடுகின்றன. அதே ஓட்டத்துக்கு ஏழு அலகு சொச்சம். ஃபான் மாற்றவேண்டி வந்தால், விடிய விடிய ஓடுகிற அறையில் இருந்து தொடங்குங்கள். மார்கழி, தையில் ஃபான் அவ்வளவாகத் தேவைப்படாது. அந்த இரண்டு மாதம் மட்டும் நாளுக்கு மூன்று அலகுக்குள் நிற்க முடிகிறதா என்று பாருங்கள்; 90 ஐத் தாண்டாவிட்டால் பில் 1,720 ரூபாவோடு முடிந்துவிடும். சித்திரை வெக்கையில் அதற்கு முயலவேண்டாம், பிள்ளைகள் நித்திரை கொள்ளட்டும். குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டுமென்றால் வளவில் காவோலையும் ஊமலும் பொச்சுமட்டையும் சும்மா கிடக்கின்றன, ஹீற்றர் வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

குழாய்த் தண்ணீர் இணைப்பு: 2024 ஓகஸ்டில் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தபின் குடாநாட்டில் இது ஒரு நல்ல வாய்ப்பு. உங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உகந்ததாக இல்லாவிட்டால், அல்லது கோடையில் போத்தலும் பவுசரும் வாங்குகிறீர்கள் என்றால் எடுங்கள். அங்கேயும் ஓர் அலகு 1,000 லீற்றர், அங்கேயும் படிகள் உண்டு, ஆகவே குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அதைப் பாவித்து மற்றதைக் கிணற்றோடு வையுங்கள். கிணறு நல்ல தண்ணீர் என்றால் அவசரமில்லை.

இனி மருமகனின் 5 இலட்சம். சோலர் நல்லதுதான், ஆனால் 180 அலகைத் தாண்டி 61 ரூபாப் படியில் நிற்கும் ஏசி வீடுகளுக்கு. உங்கள் பில் 3,000 ரூபாவுக்குள் வந்துவிட்டால் அதில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மிஞ்சிய மின்சாரத்தை விற்கலாமே என்பார். 5 கிலோவாற்றுக்கு உட்பட்ட கூரைச் சோலருக்கு 2024 இல் அலகுக்கு 27 ரூபா என்றிருந்த கொள்வனவு விலை 2025 இல் 20 ரூபா 90 சதமாக இறங்கியது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் சோலரை அணைத்துவைக்கும்படியே மின்சார சபை கேட்டது. அதோடு, பற்றரி இல்லாத சோலர் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கரண்ட் போனாலும் வீடு வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்துப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

அந்த 5 இலட்சத்தை உங்கள் பெயரில் நிலையான வைப்பில் போட்டு, வட்டியை மாதாமாதம் எடுக்கும்படி கேளுங்கள். ஆண்டுக்கு 7 வீதம் கிடைத்தால் மாதம் 2,900 ரூபா சொச்சம். கரண்ட் பில் அனேகமாக அதிலேயே கழிந்துவிடும், முதலும் உங்கள் கையில் இருக்கும், பிரிட்ஜ் பழுதானால் எடுக்கவும் முடியும். வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். வரிக்கு உட்படும் உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால், வைப்புப் போடும் அன்றே வங்கியில் சுய பிரகடனப் படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுங்கள், வரி பிடிக்கமாட்டார்கள்.