வான்கோ ஏன் இத்தனை பூக்களை வரைந்தார்?

பூச்சாடி, பழம் போன்ற அசையாப் பொருள்களை எதிரில் வைத்து வரைவது நிலைப்பொருள் ஓவியம். 37 ஆண்டுகளே வாழ்ந்த நெதர்லாந்து ஓவியர் வின்சென்ட் வான்கோ, 1886-இல் பாரிஸ் வந்தபின் பூக்களை ஏராளமாக வரைந்தார். மாடல்களுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது ஒரு காரணம். அதுவரை மண்நிறங்களிலேயே தீட்டியவர் பளிச்சிடும் வண்ணங்களைப் பழக வேண்டியிருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம். கச்சேரிக்கு முன் பாடகர் செய்யும் சாதகத்தைப் போன்றது அது.

1888 ஆகஸ்டில், தாம் குடியேறியிருந்த தென்பிரான்சின் ஆர்ல் நகருக்கு வரவிருந்த ஓவிய நண்பர் பால் கோகனின் அறையை அலங்கரிப்பதற்காக, பூக்கள் வாடுமுன் முடித்துவிட வேண்டுமென்று விடியற்காலையிலிருந்தே சூரியகாந்திகளைத் தீட்டினார். மஞ்சள் பின்னணியில் மஞ்சள் பூக்களையே வைத்து, விதைகளின் சொரசொரப்பைத் தடித்த சாயத்தால் எழுப்பிய துணிவு இன்றும் வியக்க வைக்கிறது.

‘சூரியகாந்திகள்’ ஒரே ஓவியம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சாடியில் வைத்த சூரியகாந்திகளை ஆர்லில் மட்டும் அவர் ஏழு முறை வரைந்தார், அவற்றுள் ஒன்று 1945-இல் ஜப்பானில் குண்டுவீச்சில் எரிந்துபோனது.