சூரியனைப் பார்க்க எந்த ஃபில்டர்? சேலத்துக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

2027 ஆகஸ்ட் 2 அன்று மாலையில் நம் பக்கமும் பகுதி சூரிய கிரகணம் தெரியப்போகிறது. அதற்காகத் தொலைநோக்கியைத் தூசி தட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து: சார், 114 மி.மீ. நியூட்டோனியன் (லென்ஸுக்குப் பதில் குழிக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி) வாங்கினேன். ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) திருகிக்கொள்ள, 'சன்' என்று எழுதிய ஒரு கறுப்புக் கண்ணாடியும் பெட்டியிலேயே வந்தது. அது போதுமா?

போதாது. அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. கண்ணாடி திரட்டுகிற மொத்த வெயிலும் குவிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் இந்தச் சின்ன வில்லை உட்கார்ந்திருக்கிறது. சூடேறினால் முன்னறிவிப்பே இல்லாமல் விரிசல் விடும். அந்த நேரம் உங்கள் கண் அதற்குப் பின்னால் இருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் சுட்டது உடனே உறைக்காது. பார்வையின் நடுவில் இருட்டுப் பொட்டு விழுந்த பிறகுதான் தெரியவரும். சும்மா குப்பையில் போடாமல் சுத்தியலால் உடைத்துப் போடுங்கள், வேறு யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடப் போகிறார்கள்.

ஃபில்டர் குழாயின் வாயில் இருக்க வேண்டும். வெளிச்சமும் சூடும் உள்ளே நுழையும் முன்பே வெட்டப்பட வேண்டும். மற்றதெல்லாம் ருசியையும் பர்ஸையும் பொறுத்தது.

ஏற்காடு, காபித் தோட்டத்திலிருந்து: என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் (எளிய மரத் தாங்கியில் நிற்கும் நியூட்டோனியன்) இருக்கிறது. ஃபிலிம் வாங்குவதா, கண்ணாடி ஃபில்டரா?

என் ஓட்டு ஃபிலிமுக்கு, அதாவது சூரியனைப் பார்க்கவென்றே செய்த மெல்லிய தாளுக்கு. பாடர் ஆஸ்ட்ரோசோலார் ஃபிலிமில் சூரியன் வெள்ளையாக, லேசான நீலச் சாயலோடு தெரியும். கறுப்பு பாலிமர் ஃபிலிம்களில் ஆரஞ்சாகத் தெரியும்; பார்க்க அழகுதான், ஆனால் சூரியப் புள்ளிகளின் நுணுக்கம் எனக்கு வெள்ளையில்தான் எடுப்பாகப் படுகிறது. நல்ல கண்ணாடி ஃபில்டர் உழைக்கும், விலையும் கூட. மட்டமானதாக இருந்தால் பிம்பத்தைக் குழப்பிவிடும்.

வாங்கும்போது உறையில் உள்ள எண்ணைப் பாருங்கள். கண்ணால் பார்க்க ஓ.டி. (ஒளியைத் தடுக்கும் அளவு) 5, அதாவது லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும். ஓ.டி. 3.8 என்றும் ஒன்று விற்கிறது. அது கேமராவுக்கு மட்டும். கிட்டத்தட்ட 16 மடங்கு கூடுதல் வெளிச்சம் விடும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி பளபளக்கும் என்பதால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரணமாகக் கிடைக்கும் ஏ4 அளவுத் தாள் 8 அங்குலக் குழாயை முழுசாக மூடாது. பெரிய தாள் தேடி அலைய வேண்டாம். குழாய் வாயை மூடுகிற மாதிரி கெட்டி அட்டையில் ஒரு மூடி செய்து, நடுவிலுள்ள சின்னக் கண்ணாடியும் அதைத் தாங்கும் கம்பிகளும் குறுக்கே வராத இடத்தில் 7, 8 செ.மீ. ஓட்டை போடுங்கள். அதில் ஃபிலிமை ஒட்டினால் போதும். பகல் நேரக் காற்றின் கலக்கத்தில் முழு 8 அங்குலம் திறந்திருந்தாலும் பெரிதாக லாபம் இல்லை.

ஒட்டும்போது ஃபிலிமை மேசையில் தட்டையாக விரித்து, இருபுறமும் ஒட்டும் டேப் போட்ட அட்டை வளையத்தை அதன் மேல் இறக்குங்கள். ஃபிலிமை இழுத்துக் கட்டாதீர்கள். சுருக்கம் இருந்தால் ஒன்றும் ஆகாது, விறைப்பாக இழுத்தால்தான் பிம்பம் கெடும். அப்புறம், சேர்வராயன் கோயில் பக்கம் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியாததா? மூடியைக் குழாயோடு சேர்த்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து: வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன் அண்ணா. வெல்டிங் கண்ணாடியை மாட்டினால்?

வெறுங்கண்ணால் பார்க்க 14-ம் நம்பர் கண்ணாடி சரி. பட்டறைகளில் புழங்குவது பெரும்பாலும் 10, 11, அது வேண்டாம். தொலைநோக்கிக்கு எந்த நம்பரும் வேண்டாம், வெளிச்சத்தைக் கோணாமல் கடத்துகிற தரம் அதற்கு இல்லை.

ஆத்தூரிலிருந்து ஓர் ஆசிரியை: 2019 டிசம்பர் கிரகணத்துக்கு வாங்கிய அட்டைக் கண்ணாடிகள் இருக்கின்றன. பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கியில் பார்க்கலாமா?

கூடவே கூடாது டீச்சர். ஐஎஸ்ஓ 12312-2 முத்திரை உள்ள கண்ணாடி வெறும் கண்ணோடு சூரியனைப் பார்க்க மட்டும்தான். தொலைநோக்கியிலிருந்து குவிந்து வரும் வெளிச்சம் அதைப் பொசுக்கிவிடும். பழைய கண்ணாடிகளில் கீறல், ஓட்டை, மடிப்பு இருந்தால் வெறுங்கண்ணுக்கும் வேண்டாம்.

வகுப்பு முழுக்கப் பார்க்க வேண்டுமென்றால் சூரியனின் பிம்பத்தைத் திரையில் விழ வைப்பதுதான் சுலபம். லென்ஸ் வைத்த சின்னத் தொலைநோக்கி, விலை குறைந்த ஐபீஸ், பின்னால் ஓர் அடி தள்ளி வெள்ளை அட்டை. ஃபைண்டரை (குறி பார்க்கக் குழாயோடு பொருத்திய சின்னத் தொலைநோக்கி) கழற்றிவிடுங்கள். லென்ஸும் கண்ணாடியும் சேர்ந்த ஷ்மிட்-கேஸக்ரெய்ன், மக்ஸுடோவ் வகையில் இதைச் செய்யாதீர்கள், உள்ளே சூடு தங்கும். ஒரு பெரியவர் கருவியை விட்டு நகரவே கூடாது; எந்தப் பிள்ளையாவது குனிந்து ஐபீஸில் கண் வைத்துவிடும். கிரகணத்தன்று புளியமரத்தடிக்கும் கூட்டிப் போங்கள். இலை இடுக்கு வழியாகத் தரையில் விழும் ஒவ்வொரு வட்டமும் கடிபட்ட சூரியனாக இருக்கும்.

ஓமலூரிலிருந்து: 100 மி.மீ. ரிஃப்ராக்டருக்கு (லென்ஸ் தொலைநோக்கி) ஹெர்ஷல் வெட்ஜ் வாங்கலாமா?

தாராளமாக. வெள்ளை ஒளியில் அதை அடிக்க வேறில்லை. வெட்ஜின் பட்டைக் கண்ணாடி 5 சதவீதம் போல வெளிச்சத்தைத்தான் கண் பக்கம் திருப்பும். மிச்சம் பின்னால் சூடாகக் கழியும். அந்த 5 சதவீதத்தையும் இன்னொரு ஃபில்டர் குறைத்துத்தான் கண்ணுக்கு விட வேண்டும், அது உள்ளேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நியூட்டோனியன் போன்ற கண்ணாடித் தொலைநோக்கிகளுக்கு இது ஆகாது, மொத்த வெயிலும் உள்ளே இறங்குமே.

சேலம், கல்லூரி மாணவர்: அண்ணா, படத்தில் வருவது போல விளிம்பில் தீக்கொழுந்து தெரியுமா?

ஃபிலிமில் தெரியாது தம்பி. அதற்கு 656.28 நானோமீட்டர் அலைநீளத்தை மட்டும் விடுகிற ஹைட்ரஜன் ஆல்ஃபா சூரியத் தொலைநோக்கி வேண்டும், விலை உனக்கு இப்போது வேண்டாம். இரவில் நெபுலா படமெடுக்கவும் அதே பெயரில் ஒரு ஃபில்டர் விற்கிறார்கள். அதைச் சூரியனுக்கு மாட்டினால் கண் போய்விடும்.

ஃபிலிமில் என்ன தெரியும் என்றால், புள்ளிகள். நடுவில் கருங்கரு, அதைச் சுற்றிச் சாம்பல் நிற ஓரம். அந்த ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது நம் கொடைக்கானலில்தான்.

மேட்டூரிலிருந்து: கிரகணம் முடிந்தால் ஃபில்டர் சும்மாதானே கிடக்கும்?

புள்ளிகளைத் தினம் பார்க்கலாமே. புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சியின் உச்சம் 2024 வாக்கில் தாண்டிவிட்டாலும் அவை அடியோடு காணாமல் போகவில்லை. 2031 மே 21-ல் மதுரைப் பக்கம் வளையக் கிரகணம், 2032 நவம்பர் 13-ல் சூரியனைப் புதன் கடக்கிறது. ஃபிலிமைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் மாட்டும் முன் பல்பு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டையோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதுத் துண்டு வெட்டி ஒட்டுங்கள்.

ஏற்காட்டிலிருந்து மறுபடியும்: எந்த நேரம் நல்லது? ஃபைண்டர் இல்லாமல் சூரியனை எப்படிப் பிடிப்பது?

தினசரி பார்க்கக் காலை 8 முதல் 10 வரை. சேலத்து மொட்டை மாடிகளில் அதற்கு மேல் காங்கிரீட் கொதிக்க ஆரம்பித்துவிடும். உங்களுக்குப் பனி விலகியதும், புல்தரையில். ஃபில்டரை மாட்டிய பிறகு தரையில் விழும் குழாயின் நிழலைப் பாருங்கள். நீளமாக இருக்கும் நிழல் சுருங்கிச் சுருங்கி வட்டமாகும்வரை குழாயைத் திருப்புங்கள். 25 மி.மீ. ஐபீஸ் போட்டிருந்தால் சூரியன் அநேகமாக உள்ளேயே இருக்கும்.